காலத்தொடர்த் தரவுகளைப் பதியும் வேகம்

ஒரு பொருளைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து, அளந்த நேரத்துடன் எழுதிவைத்த எண்களின் வரிசை காலத்தொடர்த் தரவு எனப்படும். வெப்பநிலை, ஆற்று நீர்மட்டம், மின்நுகர்வு ஆகியவற்றின் அளவுகள் இவ்வகையின. இவற்றைச் சேமிப்பதற்கென்றே தனித் தரவுத்தளங்கள் உள்ளன. 2013-இல் வெளிவந்த இன்ஃப்ளக்ஸ்டிபியும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின்மீது அமைந்து 2017-இல் வெளிவந்த டைம்ஸ்கேல்டிபியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கணினி நிரல் தன் எண்களைத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கும் வாயில் இடைமுகம் ஆகும். எல்லா இடைமுகங்களும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். இந்திய மின்தொகுப்பில் ஒரு நாள், பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. 10 லட்சம் மீட்டர்கள் பகுதிக்கு ஓர் அளவு வீதம் அனுப்பினால், நாளொன்றுக்கு 9.6 கோடி பதிவுகள் சேரும். சராசரியாக வினாடிக்கு ஏறக்குறைய 1,111. ஒரு பதிவை அனுப்பி, மறுமொழி பெற்ற பின்னரே அடுத்ததை அனுப்புவதாகக் கொள்வோம். ஒருமுறை போய்வர 1 மில்லிவினாடி ஆகுமாயின், ஓர் இணைப்பின் வழியே வினாடிக்கு 1,000 பதிவுகளுக்கு மேல் செல்லா. நாள்தோறும் 96 லட்சம் பதிவுகள் தேங்கிவிடும். காலம் செலவாவது கணக்கிடுவதிலன்று, காத்திருப்பதிலேயாம். ஆகவே கணினியின் ஆற்றலைப் பெருக்குவதால் மட்டும் இக்குறை நீங்காது.

பதிவுகளைத் தொகுதியாக அனுப்புவதே இதற்குத் தக்க வழி. ஆயிரம் பதிவுகள் ஒருங்கே சென்றால், ஆயிரம் முறை காத்திருப்பதற்கு மாறாக ஒருமுறை காத்திருந்தால் போதும். இன்ஃப்ளக்ஸ்டிபியிலும் தொகுதியாக எழுதுவதே பரிந்துரைக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸில், பெருந்திரளான பதிவுகளைச் சேர்ப்பதற்குத் தனித்தனி 'இன்சர்ட்' கட்டளைகளைக் காட்டிலும் 'காப்பி' என்னும் கட்டளை விரைவானது. கட்டளையை ஒருமுறை ஆயத்தம் செய்துகொண்டு மதிப்புகளை மட்டும் மாற்றி அனுப்பினால், அதனை மீண்டும் மீண்டும் பகுத்தறியும் வேலையும் மிச்சமாகும்.

இடைமுகங்களை ஒப்பிடுவோர் தொகுதியின் அளவு, இணைப்புகளின் எண்ணிக்கை, சுட்டுவரிசைகள், கணினி ஆகியவற்றை ஒரே நிலையில் வைத்தல் வேண்டும். மறுமொழியின் பொருளும் ஒன்றாதல் இன்றியமையாதது. வட்டில் எழுதிய பின் 'பெற்றுக்கொண்டேன்' என்பதும், நினைவகத்தில் வைத்தவுடனே அவ்வாறு கூறுவதும் வெவ்வேறு. பின்னது விரைவாகத் தோன்றும். ஆயின் இடையே மின்சாரம் தடைப்பட்டால், ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகள் அழிந்துபோகக்கூடும். எனவே வினாடிக்கு எத்தனை பதிவுகள் என்பதோடு, அவற்றுள் எத்தனை நிலைத்திருக்கும் என்பதையும் கணக்கிட்ட பின்னரே ஓர் இடைமுகத்தைத் தெரிந்தெடுத்தல் முறையாகும்.