எஞ்சினில் கசடும் எண்ணெய்ச் செலவும்

உழவுக்கும் நீர் இறைப்புக்கும் பாரம் ஏற்றுவதற்கும் இன்று நம் கிராமங்கள் எஞ்சினையே பெரிதும் நம்பியிருக்கின்றன. காளைக்கு உடல் நலம் கெட்டால் அது தீனி எடுக்க மறுத்து நமக்கு அறிவித்துவிடும். எஞ்சின் அவ்வாறன்று. குறையை உள்ளே வைத்துக்கொண்டே பல மாதங்கள் உழைத்துவிட்டு, நெல் பால் பிடிக்கும் தருணத்தில் ஒரு நாள் நின்றுவிடும். எனினும், அதற்கு முன் அது இரண்டு அறிகுறிகளைக் காட்டுவது வழக்கம். ஒன்று, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் களிம்பு போலப் படியும் கரிய கசடு. மற்றொன்று, ஊற்றிய எண்ணெய் வெளியே ஒழுகாமலே குறைந்துபோதல். இவ்விரண்டும் பெரும்பாலும் பராமரிப்பின்மை என்னும் ஒரே நோயின் அடையாளங்களாகும்.

இத்தகைய எஞ்சினைக் கண்டவுடன், இறக்கிப் பிரித்து ரிங்கு, பிஸ்டன் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்பார் சிலர். கெட்டியான எண்ணெயை ஊற்றி நாளைக் கடத்துவார் வேறு சிலர். இரண்டுமே அவசர முடிவுகள். எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதன் பிறகே பணம் செலவிட வேண்டும்.

கசடு உண்டாகும் விதம்

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறிதளவு, கரியோடும் எரியாத டீசலோடும் சேர்ந்து, ரிங்குகளைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்கு சூடேறி உழைத்தால் இந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் எஞ்சினில் அது தங்கிவிடும். மறுபுறம், அளவுக்கு மீறிய உஷ்ணத்திலும் எண்ணெய் கெடுகிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடுந்தோறும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

அழுக்கைத் தன்னுள் தாங்கி வைத்திருக்கும் சக்தி எண்ணெய்க்கு உண்டு. ஆதலால், புதிய எண்ணெய் டீசல் எஞ்சினில் விரைவில் கறுப்பது குற்றமன்று. அது தன் கடமையைச் செய்கிறது என்பதே பொருள். தவணை கடந்தும் மாற்றாவிடில் அந்தச் சக்தி தீர்ந்து, அழுக்கு கசடாகப் படிந்துவிடுகிறது. அக்கசடு தொட்டியின் அடியிலுள்ள சல்லடையை அடைத்தால் பேரிங்குகளுக்கு எண்ணெய் செல்லாது, எஞ்சின் இறுகிப்போகும். ரிங்கின் பள்ளங்களை அடைத்தால், வழித்து இறக்கப்பட வேண்டிய எண்ணெய் மேலேறி எரிந்துபோகும்.

எண்ணெய் போகும் வழியைக் காண்பது

முதலில் ஒழுக்கு உண்டா என்று எஞ்சினைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பின்னர்ப் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால், வால்வுகளின் சீல் அல்லது கைடு தேய்ந்திருக்கலாம். சுமையில் ஓடும்போது இடைவிடாமல் வந்தால் ரிங்குகளையே சந்தேகிக்க வேண்டும்.

எனினும், எஞ்சினில் கை வைக்கும் முன் எளிய இரண்டு இடங்களைப் பார்த்துவிடுதல் நலம். பிரீதர் என்னும் மூச்சுக் குழல் அடைபட்டிருந்தால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெயை வெளியே தள்ளும். எண்ணெய் ஊற்றும் வகைக் காற்று வடிகட்டியில் குறித்த அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால், அந்த எண்ணெயே உறிஞ்சப்பட்டு எரியும். இவ்விரண்டையும் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு.

இவற்றிலும் குறை இல்லையெனில், மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரெஷன் அளக்கச் செய்யலாம். சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் உள்ளது.

கசட்டை நீக்கும் முறை

தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது ஆபத்தானது. மண்ணெண்ணெய் மசகு எண்ணெயின் படலத்தை மெலியச் செய்யும். கசட்டைக் கட்டிகட்டியாகப் பெயர்த்துச் சல்லடையில் கொண்டு போய் அடைக்கும். கசடு மிகுந்த எஞ்சினில் தொட்டியைக் கழற்றி, அதையும் சல்லடையையும் கையால் சுத்தம் செய்து மாட்டுவதே நல்லது. பிறகு, கையேட்டில் குறித்த தரமுள்ள புதிய எண்ணெயும் புதிய வடிகட்டியும் இட்டு, வழக்கமான தவணையில் கால் பங்கு மணி நேரத்திலேயே மீண்டும் மாற்ற வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், எஞ்சியுள்ள கசட்டை எண்ணெயே சிறுகச் சிறுகக் கரைத்து எடுத்துவிடும். கசட்டால் ஒட்டிக்கொண்ட ரிங்குகள் சில சமயம் விடுபட்டு, எண்ணெய்ச் செலவும் குறையும்.

ஆனால் சிலிண்டரே தேய்ந்திருந்தால் எந்த எண்ணெயும் அதைக் குணப்படுத்தாது. அங்கே பிரித்து வேலை செய்வதே சிக்கனம். அளவுக் கம்பியில் எண்ணெய் குறையாமல் உயர்ந்துகொண்டே போனால், டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அறிந்து உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

பலர் கைமாறி ஓட்டும் பொது டிராக்டருக்கே இந்நோய் எளிதில் வருகிறது. எல்லாருக்கும் உரியது ஒருவர் பொறுப்பிலும் இராது. ஆகவே, ஊராட்சியோ உழவர் குழுவோ வைத்திருக்கும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், இடையில் ஊற்றிய அளவு ஆகிய மூன்றையும் ஓட்டுநர் எழுதி ஒப்பமிட வேண்டும். 50 மணிக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்பது இக்குறிப்பால் தெரிந்துவிடும். அந்த அளவு ஏறத் தொடங்கும்போதே கவனித்தால், எஞ்சின் நிற்கும் நாள் வராமல் தடுக்கலாம். பழைய டிராக்டரை விலைக்கு வாங்குவோரும் மூடியைத் திறந்து பார்த்து, குறிப்பேட்டைக் கேட்டுப் படித்த பின்னரே விலை பேச வேண்டும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அதுவும் அடங்கும். மூடிய தகர டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி செய்ய வேண்டும். எஞ்சினைக் காப்பதற்காக ஊராரின் குடிநீரைக் கெடுத்துக்கொள்வது முறையாகாது.

ஒரு தவணை எண்ணெயின் விலை நமக்குப் பெரிதாகத் தோன்றலாம். விளைந்த பயிர் நீரின்றிக் காயும்போது ஏற்படும் நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், எது சிக்கனம் என்பது தெளிவாகும்.