துண்டு போட்ட இருக்கை

தம்பானூர்,
திருவனந்தபுரம்.

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் விடுதியில் பாதிப் பேர் காப்பியை விட்டு மாட்சா என்ற தூள் தேநீருக்கு மாறிவிட்டார்கள், பரீட்சைக் காலத்தில் தெம்புக்கு எது நல்லது என்று கேட்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்தியன் காப்பி ஹவுஸில் உட்கார்ந்துதான் பதில் எழுதுகிறேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் கட்டடம், நீயும் வந்திருக்கிறாய். தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அதில் மேசைகள் மட்டும் மட்டமாக நிற்கின்றன. சுவர்த் துளைகள் வழியே காலை வெயில் புள்ளி புள்ளியாக விழ, தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் வைத்துவிட்டுப் போன காப்பியில் ஆவி பறக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். காப்பியும் தெம்பு தருவதில்லை, மாட்சாவும் தருவதில்லை. இரண்டிலும் வேலை செய்வது காஃபின் என்ற ஒரே பொருள்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்காருவதற்கென்று நரம்பணுக்களில் இருக்கைகள் உண்டு. உட்கார உட்கார நமக்குத் தூக்கம் வரும். இனி நம் நாகர்கோவில் பஸ்ஸை நினைத்துக்கொள். வண்டி நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார் அல்லவா? காஃபின் செய்வது அதைத்தான். இருக்கையில் துண்டு கிடப்பதால் அடினோசின் உட்கார முடியாமல் நிற்கிறது. ஆனால் கூட்டம் எங்கும் போய்விடவில்லை. வாசலில் பெருகிக்கொண்டே இருக்கிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக உள்ளே ஏறும். மாலையில் திடீரென்று உன்னை அடித்துப்போடும் அசதி அதுதான்.

இந்த இரண்டு பானங்களையும் அந்தக் காலத்தில் போற்றியவர்களில் விழித்திருக்கத் தீர்மானித்தவர்கள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டுக்காகக் காப்பி குடித்தார்கள். அங்கிருந்து பாபா புடன் என்ற சூஃபி ஏழு காப்பிக் கொட்டைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது நம் பக்கத்துக் கதை. ஜப்பானில் எய்சாய் என்ற துறவி 1191இல் சீனத்திலிருந்து தேயிலை விதையோடு திரும்பினார். ஜென் மடங்களில் தியானத்தில் கண் அயராமலிருக்கத் தூள் தேநீர் உதவியது. அவர்கள் குடித்ததற்கு ஒரு காரியம் இருந்தது, அதற்கென்று ஒரு வேளையும் இருந்தது. நாம் விட்டுவிட்டது அந்த வேளையைத்தான்.

இனி வித்தியாசத்துக்கு வருகிறேன். மாட்சாவுக்கான தேயிலைச் செடியை, இலை பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் நிழலில் மூடி வைப்பார்கள். அதனால் இலையில் பச்சை கூடும். தியனைன் என்ற அமினோ அமிலமும் கூடுதலாகத் தங்கும். உலர்ந்த இலையைக் கல் ஏந்திரத்தில் அரைத்தால் மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் தூள் கிடைக்கும். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்ற தேநீரில் இலையை வடிகட்டிவிடுகிறோம். மாட்சாவில் அதை மூங்கில் மத்தால் கலக்கி இலையோடு குடிக்கிறோம்.

2 கிராம் மாட்சாவில் சுமார் 40 முதல் 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும். 240 மில்லி காப்பியில் சுமார் 95. நம் பில்டர் காப்பியில் டிக்காஷனைப் பொறுத்து இது கூடும், குறையும். சிக்கரியில் காஃபின் கிடையாது. வயநாட்டில் அதிகம் விளையும் ரொபஸ்டாவிலோ அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. தியனைனும் காஃபினும் சேர்ந்தால் கவனம் சற்று நிதானமாக நிற்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் கொடுத்த தியனைன் பெரும்பாலும் ஒரு கோப்பை மாட்சாவில் இருப்பதைவிட அதிகம். காப்பி குடித்தால் உனக்குப் படபடப்பு வருமென்றால் மாட்சா ஒத்துக்கொள்ளலாம். வராதென்றால் அவ்வளவு பணம் கொடுத்து மாற வேண்டிய அவசியமில்லை. இனிப்புப் பாகும் பாலும் ஊற்றிய மாட்சா என்றால் அதில் நீ குடிப்பது பெரும்பாலும் சர்க்கரை.

ஆகவே மகளே, எதைக் குடிப்பது என்பதைவிட எப்போது குடிப்பது என்பதைப் பார். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு 95 மில்லிகிராம் குடித்தால் இரவு 9 மணிக்கும் ஏறக்குறைய 47 மிச்சம் இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைக் கொடுத்து விழிப்பை வாங்கினால் நஷ்டம் உனக்கே. நான் படித்த காலத்தில் பரீட்சைக்கு முந்தைய இரவு மூன்று கிளாஸ் கட்டங்காப்பி குடித்துவிட்டு, காலையில் தெரிந்த விடையையே எழுத முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். உனக்கு அது வரக்கூடாது.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஒரு கோப்பை, வேண்டுமானால் மதியத்துக்குள் இன்னொன்று; அதோடு நிறுத்திக்கொள். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்காதே. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்து உடலில் சேருவதை இரண்டு பானமுமே குறைக்கும். உன் வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணமாக வருவது. மதியம் கண்ணைச் சுழற்றினால் இருபது நிமிஷம் படுத்து எழு. வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கலைக்கத் தூக்கத்தால் மட்டுமே முடியும்.

விடுமுறைக்கு வரும்போது காலையில் வந்தால் இதே மேசையில் காப்பி வாங்கித் தருகிறேன். சாயங்கால பஸ்ஸில் இறங்கினால், வீட்டில் சித்தி காப்பித்தூள் போடாமல் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு வைக்கும் சுக்குக் காப்பி. குடித்துவிட்டு நேரத்தோடு தூங்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா