பதாகையில் இல்லாத காரணம்

கேள்வி: குடியால் இறந்தவரை நினைவுகூரும்போது அந்தக் காரணத்தையும் சொல்வது குடும்பத்துக்கு அவமானம் இல்லையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: அவமானம் என்று மறைப்பதுதான் அடுத்த சாவுக்கு வழி விடுகிறது. லயத்து முகப்பில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் பிறந்த திகதி, இறந்த திகதி, சிரித்த முகம் எல்லாம் இருக்கும், கசிப்பு இருக்காது. கேட்டால் 'திடீர் வருத்தம்' என்பார்கள். ஈரல் கெட்டதும், போதையில் படியில் விழுந்ததும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடும். நாள்பட்ட குடியைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம், வைத்தியரின் கண்காணிப்பில்தான் விட வேண்டும் என்ற செய்தி பக்கத்து லயத்துக்குப் போகாததும் இதனால்தான். இந்த மௌனத்தை உடைக்க முன்மாதிரி உண்டு: மெல்பேர்னில் 2001இல் தொடங்கி, இன்று பல நாடுகளில் ஓகஸ்ட் 31இல் அனுசரிக்கப்படும் மிகைப்போதை விழிப்புணர்வு நாள், இறந்தவரை வெட்கமின்றி நினைக்கும் உரிமையைக் குடும்பங்களுக்குத் தந்தது.

காரணத்தைச் சொல்வது 'தோட்டத்தான் குடிகாரன்' என்ற பழிச்சொல்லுக்குத் தீனி போடாதா? நியாயமான அச்சம்தான். ஆனால் பழி தனிமனிதன் மேல் நிற்பது, விற்றவனைப் பற்றி யாரும் பேசாததால். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும் 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும் தடை செய்கிறது. சாவின் காரணம் வெளியே வந்தால்தான் அந்தச் சட்டம் தோட்டத்தில் அமுலாகிறதா என்று தட்டிக்கேட்க முடியும். நினைவுகூர்வது என்பதற்காக, இறந்த கணவரிடம் அடி வாங்கிய மனைவி அவரைப் புகழ வேண்டியதில்லை. சொல்வதா வேண்டாமா என்ற முடிவும் அவளுடையது, பிள்ளைகளுடையது. பதாகையில் அச்சிடவும் வேண்டாம். கருமாதிக்குக் கூடியவர்களிடம் காரணத்தையும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் சொன்னால் போதும்.