குவிக்குக் கிடைத்த வீடு

நுழையும்முன்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. அதில் பூசலில் இறந்த வீரனுடன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வாறு நாயையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தனர் நம் முன்னோர். நம் காலத்தில் பலரும் பெயர் சொல்லிப் பேசிய ஒரு நாயைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

மலையில் ஒரு குடியிருப்பு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் உள்ளது பெட்டிமுடி. அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியோருள் பெரும்பாலோர் தமிழர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் அங்குப் பல இருந்தன. 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவ்வீடுகள் தோட்ட நிறுவனத்திற்கு உரியவை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை மட்டுமே அங்குக் குடியிருக்க இயலும்.

அத்தகைய வீடு ஒன்றில் குவி என்னும் நாய் வளர்ந்தது. அவ்வீட்டிலிருந்த 2 வயதுப் பெண்குழந்தையே அதன் விளையாட்டுத் தோழி.

ஆற்றங்கரையில் குவி

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையால் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்தோர் மீது மண்ணும் பாறையும் விழுந்தன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாமையால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது. இந்நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர்.

நாள்தோறும் தேடுதல் நடைபெற்றது. உயிர்பிழைத்த குவியும் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. ஒரு வாரம் கடந்த நிலையில், ஆற்றங்கரையில் நின்று நீரையே நோக்கியபடி அது குரைக்கத் தொடங்கியது. மீட்புப் பணியாளர்கள் அவ்விடத்தில் தேடியபோது அக்குழந்தையின் உடல் கிடைத்தது. குவி மோப்பப் பயிற்சி பெற்ற நாய் அன்று. பழகிய மணமே அதற்கு வழிகாட்டியது.

அதன்பின் குவி உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தது. அதற்கு உணவிட்டு வந்த கையும் இல்லை. அது காவல் காத்த வாசலும் இல்லை.

இடைக்காலப் புகலிடம்

மீட்புப் பணிக்கு வந்திருந்த காவல்துறை மோப்பநாய்ப் பிரிவின் பயிற்றுநர் ஒருவர் குவியின் நிலையைக் கண்டார். உரிய அனுமதியுடன் குவி அப்பிரிவின் பராமரிப்பில் சேர்க்கப்பட்டது.

நிலையான வீடு கிடைக்கும்வரை ஒரு விலங்கைப் பேணுவது 'தற்காலிகப் பராமரிப்பு' எனப்படும். வீடிழந்த நாய்க்கு முதலில் வேண்டுவது அமைதியான ஓர் இடம். குறித்த நேரத்தில் உணவும் நீரும் தர வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். தானாக நெருங்கி வரும்வரை அதனைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். உணவை ஏற்பதும் வாலை ஆட்டுவதும் அதன் நம்பிக்கை திரும்புவதற்கான அறிகுறிகள்.

ஏறத்தாழ 8 மாதங்கள் குவி காவல்துறையின் பராமரிப்பில் இருந்தது. அக்குழந்தையின் பாட்டி உயிர்பிழைத்திருந்தார். குடும்பத்தினரை இழந்த அவர், குவியைத் தம்மிடம் தருமாறு வேண்டினார். திறமையும் புகழும் பெற்ற நாயைக் காவல்துறை தன்னிடமே வைத்துக்கொள்ள எண்ணியிருக்கலாம். ஆயினும் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் குவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எவரிடம் அன்பு வேரூன்றியிருக்கிறதோ அவரிடமே விலங்கைச் சேர்ப்பதில்தான் தற்காலிகப் பராமரிப்பு நிறைவு பெறுகிறது.

அதே ஆண்டின் தொடக்கத்தில், வீடிழந்த 8 குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் சொந்த வீடுகள் வழங்கப்பட்டன. அரசு நிலம் அளித்தது. தோட்ட நிறுவனம் வீடுகளைக் கட்டியது. நிலையான வீடு மனிதருக்கும் தேவை. அவரை நம்பி வாழும் உயிருக்கும் தேவை.

சட்டம் கூறுவது

பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். உயிர்களிடத்துப் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என நம் அரசமைப்பும் கூறுகிறது. வேலை நிமித்தம் ஊர் மாறிச் செல்லும் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நாயை உடன் அழைத்துச் செல்ல இயலாவிடில், புறப்படும் முன்பே அதற்குப் பொறுப்பான ஒருவரைத் தேடுவது கடமையாகும்.

சொற்பொருள்

மாண்டனர் – இறந்தனர்
அகலவில்லை – நீங்கவில்லை
பேணுதல் – பாதுகாத்தல்
புகலிடம் – அடைக்கலம் பெறும் இடம்
பரிவு – இரக்கம்
ஞமலி – நாய் (சங்க நூல்களில் வரும் சொல்)

பயிற்சி

1. லயத்தில் வாழ்ந்தோர்க்கு அவ்வீடு சொந்தம் ஆகாதது ஏன்?
2. குவி உணவை மறுத்ததற்குக் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: ஆற்றங்கரை, பெருமழை, நிலச்சரிவு.
4. 'பெட்டிமுடி' நிகழ்வைக் குவியே கூறுவதுபோல் ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உங்கள் குடும்பம் வேறு மாநிலத்திற்கு மாறிச் செல்கிறது. நாயை உடன் அழைத்துச் செல்ல இயலவில்லை. அதற்காக நீங்கள் செய்யும் ஏற்பாடுகளை வீட்டிலுள்ள பெரியவர்களுடன் பேசி எழுதுக.