மழைக்கு இரண்டு சோறு

அன்புள்ள மருமகனுக்கு,

விக்கிரமசிங்கபுரத்தில் வீட்டோடு மெஸ் தொடங்கியிருக்கிறாய். மழை நாளில் ஒரே ஏனத்தில் ஆக்கி இறக்குகிற மாதிரி நாலு சாப்பாடு சொல்லுங்கள் அத்தை என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். நாலு வேண்டாம், இரண்டு போதும். நம் ஊருக்கு மழையும் இரண்டுதானே? ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து காற்றோடு இறங்கும் சாரல் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் கொட்டும் அடைமழை இன்னொன்று. சாரலுக்குக் கூட்டாஞ்சோறு, அடைமழைக்கு உளுந்தஞ்சோறு. மாற்றிச் செய்தால் கையைக் கடிக்கும்.

சாரல் நாளில் காய் வரத்துக்குக் குறைவில்லை. முருங்கைக்காய் மலிவாக இருக்கும், கடைசி ஈட்டு மாங்காயும் கண்ணில் படும். அதே முருங்கைக்காயைக் கார்த்திகையில் விலை கேட்டுப் பார், பேசாமல் திரும்பி வந்துவிடுவாய். கூட்டாஞ்சோற்றுக்கு உயிரே காய்தான். நனைந்து அழுகின கத்தரிக்காயை வைத்து அதை ஒப்பேற்ற முடியாது.

கூட்டாஞ்சோற்றில் ஏனம் ஒன்று என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி நாலு விசில் விட்டுவிடாதே. உள்ளே போகிற நேரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி என்றால் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் துவரம்பருப்பு. எட்டு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்பொடி போட்டு முதலில் பருப்பை மட்டும் வேகவிடு. விரலால் நசுக்கினால் பாதி மசியும்போது அரிசி. அரிசி ஒரு கொதி வந்ததும் வாழைக்காய், சீனியவரை. பிறகு முருங்கைக்காய். கத்தரிக்காயும் மாங்காயும் கடைசியில்தான், இல்லாவிட்டால் கரைந்து போகும். புளித்தண்ணீர் அரிசியும் பருப்பும் வெந்த பிறகு. மாங்காய் போட்டிருந்தால் புளியைப் பாதியாகக் குறை. புளிப்பு முந்திப் போனால் பருப்பு இறுகிக்கொண்டு எவ்வளவு எரித்தாலும் மசியாது. அதன்பின் தேங்காய், வற்றல் மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் சேர்ந்த அரைப்பு. நைஸாக அரைக்காதே, ஒன்றிரண்டாக இருந்தால்தான் வாயில் தட்டுப்படும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. தாளிப்பு வடகத்தைத் தேங்காய் எண்ணெயில் பொரித்துக் கொட்டி உடனே மூடு. பத்து நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது, நீயும்தான்.

சென்னையில் இருக்கும் பிள்ளைகள், இதே அளவில் செய்தும் பருப்பு வேகவில்லை என்று போனில் புலம்புவார்கள். அது அவர்கள் கைக்குற்றம் இல்லை. போர் தண்ணீரின் கடினம் அப்படி. மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றுத் தண்ணீரில் சமைக்கிறவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவன்.

இனி அடைமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீ மறந்திருக்க மாட்டாய். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்து, தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. மாவட்டத்தில் பல இடங்களில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் மிக்ஸியை நம்பின சமையல் படுத்துவிடும். உளுந்தஞ்சோற்றுக்கு அரைப்பே கிடையாது. கடைக்கும் போக வேண்டாம். அரிசி, தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய் எல்லாம் நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருக்கிற சாமான்.

இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து. அரிசி குண்டாக இருப்பது நல்லது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 இதற்கென்றே பிறந்தது மாதிரி குழைந்து கொடுக்கும். ஒல்லியான பிரியாணி அரிசியை இந்தப் பக்கமே கொண்டுவராதே.

உளுந்தை வறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கறுப்புத் தொலியைப் பார்த்து நிறம் மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. உடைந்த பக்கத்தைப் பார். வெள்ளை முகம் லேசாகப் பொன்னிறம் திரும்பும், அடுப்படியைத் தாண்டி முன்னறை வரை வாசம் போகும். அந்த நொடியில் இறக்கிவிடு. இன்னும் கொஞ்சம் விட்டால் கசக்கும். முன்பே இறக்கினால் சோறு முழுக்கப் பச்சை வாடையும் கொழகொழப்பும்தான். வங்காளத்தில் மழை பிடித்தால் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிச்சுரி வைப்பார்கள். அவர்களும் பாசிப்பருப்பை வறுத்துத்தான் போடுகிறார்கள்.

வறுத்த உளுந்தைக் கழுவி, அரிசி, இரண்டு முழுப் பூண்டின் பற்கள், ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு எல்லாம் சேர்த்து எட்டு டம்ளர் தண்ணீரில் வெண்கலப் பானையில் வை. குக்கர் என்றால் ஆறு டம்ளர் போதும். இங்கே மட்டும் எல்லாம் ஒன்றாகப் போகலாம், வறுத்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. பூண்டை நசுக்காதே, முழுசாக வெந்து வெண்ணெய் மாதிரி இருக்கட்டும். இறக்கும்போது மேலே நல்லெண்ணெய். சோறு சாம்பல் நிறமாக இருக்கிறதே, படத்தில் எடுபடாதே என்று தொலியைக் களைந்துவிடாதே. வெள்ளை உளுந்தில் செய்கிறார்கள் சிலர். அதைச் சாப்பிடலாம், உளுந்தஞ்சோறு என்று மட்டும் சொல்லக் கூடாது.

பார்சல் விஷயம். 1880களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஆர்வி மில் வந்த ஊர் நம்முடையது. மில் வேலைக்குத் தூக்குச்சட்டியில் போகிற சாப்பாடு உடனே திறக்கப்படாது என்று உனக்குத் தெரியாதது இல்லை. இந்த இரண்டு சோறும் ஆற ஆற இறுகும். கட்டும்போது ஒரு கரண்டி வென்னி ஊற்றிக் கிண்டி, கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் கட்டு. அப்புறம், மழைதானே, குளிர்ச்சிதானே என்று மத்தியானச் சோற்றைச் சாயங்காலம் விற்காதே. தேங்காய் சேர்ந்த சோறு ஈரக்காற்றில் சீக்கிரம் ஊசிப்போகும்.

கூட்டாஞ்சோற்றுக்கு அப்பளம், வற்றல் போதும். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் கட்டாயம். கரண்ட் இல்லாவிட்டால் அம்மியில் அரை. கருவாட்டுக் குழம்பு கேட்கிறவர்களுக்குக் கொடு, தனிக்காசு வாங்கிக்கொள். தயிர்ப்பச்சடி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை