கட்டு பேசும், கேட்பதற்கு ஆள் வேண்டும்



குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்கள் மாரி காலத்தில் ஆழ்ந்து உறங்குவதில்லை. மழை கொட்டும் இரவுகளில் வட்டவிதானை லாம்பும் கையுமாகக் குளக்கட்டில் நடந்து திரிந்ததை எம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இடப்பெயர்வு அந்தக் காவலையும் குலைத்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த கட்டுகளில் பற்றை வளர்ந்தது, கறையான் புற்றெடுத்தது, மரங்கள் வேரோடி, பட்டு, உள்ளே உக்கிப்போயின. இப்படிப்பட்ட கட்டின் கீழேதான் பலர் மீண்டும் வீடும் வயலும் அமைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, அணைகளைக் காவல் செய்ய இன்று உலகில் பயன்படும் உணர்கருவிகளைப் பற்றி இம்முறை படிப்போம்.

இரண்டு அணைகள்

குளக்கோட்டன் பெயரோடு சேர்த்து நம்மவர் நினைவுகூரும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் உடைத்துக்கொண்டது. ஊர் உறங்கும் நேரம். 120 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அள்ளுண்டு போயின.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1976 ஜூன் 5ஆம் திகதி, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரீற்றன் அணை உடைந்தது. அது சுமார் 93 மீற்றர் உயரமான மண் அணை. முதல் முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலை 7.30 மணியளவில் அணையோரம் கலங்கல் நீர் கசிவதைக் கண்டார்கள். கசிவை மண் தள்ளி அடைக்கப்போன புல்டோசர்களையே அது விழுங்கிற்று. 11 மணிக்கு முன்னரே கீழ்ப்புற ஊர்களுக்கு எச்சரிக்கை போனது. 11.57க்கு அணை உடைந்தது. பல ஊர்கள் நீரில் மூழ்கியும் இறந்தவர்கள் 11 பேர். பின்னர் விசாரணை செய்த நிபுணர் குழு, உள்ளே நிகழும் மாற்றத்தை அறிவதற்குப் போதிய அளவு கருவிகள் அணையில் வைக்கப்படவில்லை என்று குறை கூறியது.

ரீற்றனில் கசிவைக் கண்டது மனிதக் கண். கண்டது பகல் வெளிச்சத்தில். அதே கசிவு இரவு 11 மணிக்குத் தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கண் உறங்கும் நேரத்திலும் விழித்திருக்கும் ஒன்று வேண்டும் என்பதே நாம் இங்கு படிக்கும் பாடத்தின் தொடக்கம்.

கட்டுக்குள் நடப்பது என்ன?

மண்கட்டுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகின்றன. ஒன்று, வான் போதாமல் வெள்ளம் கட்டின் மேலால் பாய்வது. இதை எவரும் காணலாம். மற்றது உள்ளரிப்பு. இது கண்ணுக்குத் தெரியாது.

எந்த மண்கட்டிலும் சிறிது நீர் ஊறவே செய்யும். தெளிந்த நீர் சிறிதளவு ஊறுவது இயல்பு. ஆனால் உக்கிய வேரின் துவாரம், கறையான் வழி, துருசுக் குழாயின் ஓரம் ஆகியவற்றில் நீருக்கு இலகுவான பாதை கிடைத்தால், அது மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். நீர் கலங்கும். துவாரம் கீழ்ப்பக்கத்திலிருந்து குளத்தை நோக்கி உள்ளே வளரும். அது குளநீரை எட்டிய பின்பு நமக்கு மிஞ்சுவது சில மணித்தியாலங்களே.

கருவிகள் வேலை செய்யும் விதம்

முதலாவது, நீரமுக்க மானி. கட்டின் உள்ளே ஆழத்தில் புதைக்கப்படும் சிறு உருளை இது. அதனுள்ளே மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வீணைத் தந்தியை முறுக்கினாலோ தளர்த்தினாலோ சுருதி மாறுகிறது அல்லவா? மண்ணிலுள்ள நீரின் அமுக்கம் மாறும்போது இக்கம்பியின் இறுக்கமும் மாறும். மின்காந்தம் கம்பியைத் தட்டி அதிரச் செய்யும். அந்த அதிர்வைக் கொண்டு அமுக்கம் கணக்கிடப்படும்.

இரண்டாவது, கசிவு மானி. ஊறிவரும் நீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, ‘வி’ வடிவ வெட்டுள்ள தகட்டின் ஊடாக விழவிடுவார்கள். வெட்டின் அடியிலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஓர் உணரி அளந்துகொண்டேயிருக்கும்.

மூன்றாவது, கட்டின் நீளத்துக்குப் புதைக்கப்படும் கண்ணாடி இழை. கசியும் நீரின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணினின்றும் வேறுபடுவதால், எந்த இடத்தில் கசிகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இவை யாவும் சூரிய மின்கலத்தில் இயங்கும் ஒரு பதிவுப் பெட்டியுடன் இணைக்கப்படும். பெட்டி குறித்த நேர இடைவெளியில் அளவுகளைக் குறித்து, கைத்தொலைபேசி வலையமைப்பினூடாக அலுவலகத்துக்கு அனுப்பும். வரம்பு மீறினால் பொறியியலாளருக்கு உடனே செய்தி போகும்.

நம் நாட்டில் 2008இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்ப் பல பெரிய அணைகள் திருத்தப்பட்டன. ஆற்றுப் படுகைகளில் தானியங்கி மழைமானிகளும் நீர்மட்ட மானிகளும் அமைக்கப்பட்டன.

அளந்தால் கசிவோடும் வாழலாம்

வளவை கங்கையில் கட்டப்பட்ட சமனலவெவ நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1992இல் நீர் நிரப்பும்போது அதன் வலது கரை மலையினூடாகப் பெரும் கசிவு வெடித்துக் கிளம்பியது. 1990களின் பிற்பகுதியில் நீருக்கடியில் களிமண் கொட்டி மூட முயன்றும் கசிவு முற்றாக நிற்கவில்லை. நொடிக்கு ஏறத்தாழ 2 கனமீற்றர் நீர் தொடர்ந்து வெளியேறிற்று. அந்தக் கசிவு நீரே கீழே கல்தொட்டைப் பகுதி வயல்களுக்கும் பாய்ந்தது. இடைவிடாமல் அளந்து வருவதால்தான் அந்த அணையைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. கசிவு இருப்பதைவிடக் கசிவு மாறுவதே அபாய அறிகுறி.

கருவியால் முடியாதவை

கருவி அளக்கும், ஆனால் துருசைத் திறக்காது. செய்தி அனுப்பும், ஆனால் கிழவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடாது. மின்கலம் செத்தால் அதுவும் ஊமை. செய்தி அலுவலக மேசையோடு நின்றுவிட்டால், கட்டின் கீழே படுத்திருக்கும் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. எனவே பெரிய குளத்தின் கீழே குடியேறுபவர்கள் பொறுப்பான அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “அபாயச் செய்தி எங்கள் வாசலுக்கு எப்படி வரும்?” இதைக் கேட்பது உங்கள் உரிமை.

நமது சிறு குளத்தில்

200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளங்களுக்கு இத்தகைய கருவிகள் வந்துசேர்வது அரிது. ஆனால் அவற்றின் அறிவு நமக்கும் பயன்படும்.

1. ஒரு நாகத் தகட்டில் செங்கோண ‘வி’ வெட்டு வெட்டுங்கள். ஊறிய நீர் தானாகச் சேர்ந்து ஓடும் இடத்தில் அதை நிறுத்துங்கள். கட்டின் அடியை ஒருபோதும் வெட்டவேண்டாம்.

2. தகட்டுக்குச் சற்றுப் பின்னால், நீர் அமைதியாக நிற்குமிடத்தில் உயரத்தை அளவுங்கள். 5 சென்ரிமீற்றர் என்றால் நொடிக்கு 0.8 லீற்றர், 10 என்றால் 4.4 லீற்றர், 15 என்றால் 12 லீற்றர். உயரம் இரட்டித்தால் கசிவு ஐந்து மடங்குக்கும் மேலாகும் என்பதைக் கவனியுங்கள்.

3. ஒரு கொப்பியில் திகதி, குளத்து நீர்மட்டம், கசிவு உயரம், நீர் தெளிவா கலங்கலா என்று எழுதுங்கள். குளம் நிறைந்தால் கசிவு கூடுவது இயல்பு. அதே நீர்மட்டத்தில் சென்ற ஆண்டைவிடக் கூடினால், அல்லது கலங்கினால், அது ஆபத்து.

4. ஆபத்தெனில் துருசைத் திறந்து நீர்மட்டத்தைக் குறையுங்கள். கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்கவேண்டாம். நீர் வேறிடத்தில் வெடிக்கும். மணலிட்டு, அதன்மேல் சரளை இடுங்கள். நீர் போகும், மண் நிற்கும். கமநல சேவை நிலையத்துக்கும், 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவியுங்கள். கீழ்ப்புறக் குடும்பங்களை முதலில் எழுப்புங்கள்.

5. கட்டில் நிற்கும் பெருமரங்களை ஆலோசனையின்றித் தறிக்கவேண்டாம். வேர் உக்கியபின் அதுவே நீருக்கு வழியாகும்.

கலந்துரையாடுவோம்

• எமது குளக்கட்டை இறுதியாக முழு நீளத்துக்கும் நடந்து பார்த்தது யார், எப்போது?

• கொப்பியை யார் எழுதுவது? அவர் ஊரில் இல்லாதபோது யார்?

• இரவு 3 மணிக்கு அபாயம் என்றால், முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்? எந்த மேட்டுக்குப் போவோம்?

மூன்றாவது கேள்விக்கு மாரிக்கு முன்பே விடை காணுங்கள். அதை எழுதி, கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.