எந்த நூலும் என் மிஷினில் ஓடும்

2016 டிசம்பர். ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 இரவு அறிவித்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. செட்டியார்பட்டியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடும். பக்கத்துத் தளவாய்புரமும் நாங்களும் நைட்டிக்குப் பேர்போனவர்கள். கம்பெனியில் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக எடுத்து வந்து, தைத்துக் கொடுத்து, சனிக்கிழமை கூலி வாங்குவோம். அந்த மாதம் கூலி கைக்கு வரவில்லை, வங்கிக் கணக்கில் விழுந்தது. ஏடிஎம் வாசலில் நின்றால் நம் முறை வரும்போது பணம் தீர்ந்திருக்கும்.

லீவுக்கு வந்த மகன் என் போனில் ‘வாலட்’ போட்டுத் தந்தான். மளிகைக் கடையில் ஒரு கம்பெனி ஸ்டிக்கர், ராஜபாளையத்து மருந்துக் கடையில் வேறொரு கம்பெனி, கரண்ட் பில்லுக்கு இன்னொன்று. ஒன்றில் 500, ஒன்றில் 300, ஒன்றில் 200 ரூபாய் போட்டு வைத்தோம். மார்கழி பிறந்ததும் கோயிலுக்குத் தேங்காய் பழம் வாங்கப் போனேன். அந்தக் கடையில் நாலாவது கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. என் மூன்று வாலட்டும் அங்கே செல்லவில்லை. ஒரு வாலட்டில் இருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நேராக மாற்றவும் வழியில்லை. உழைத்துச் சம்பாதித்த ஆயிரம் ரூபாய் போனில் இருக்க, தேங்காய் இல்லாமல் வீடு திரும்பினேன்.

அன்று மனதில் விழுந்த கேள்வி இதுதான். நான் எந்தக் கடையில் நூல்கண்டு வாங்கினாலும் அது என் மிஷினில் ஓடுகிறது. ஊசி ஒரு கம்பெனி, நூல் ஒரு கம்பெனி, மிஷின் ஒரு கம்பெனி. யாரும் தடுப்பதில்லை. பணம் மட்டும் ஏன் அப்படி ஓடக்கூடாது?

இரண்டாவது அடி

ஒன்பது வருடத்தில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஆனால் பழைய தொல்லை வேறு வேடத்தில் வந்தது. போன வருடம் தீபாவளிக்கு முன் டவுனில் ஒரு பெரிய கடையில் குக்கர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த தம்பி, “எங்க ஆப்ல பே பண்ணுங்கக்கா, நூறு ரூபா குறையும்” என்றார். பின்னால் நீளமான வரிசை. அவசரத்தில் ஆப் இறக்கி, அதன் வழியே 1,850 ரூபாய் கட்டினேன். வீட்டில் வந்து பார்த்தால் குக்கரின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுநாள் கொண்டுபோனேன். முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பணம் என் வங்கிக் கணக்குக்கு வரவில்லை, அந்தக் கடையின் ஆப்பில் ‘பேலன்ஸ்’ ஆக விழுந்தது.

“இதை நான் வெளியே எடுக்கணுமே தம்பி?”

“எடுக்க முடியாதுக்கா. இங்கேயே ஏதாவது வாங்கிக்கங்க.”

அந்தப் பணம் ஒரு வாரத் தையல் கூலி. எங்கள் தெருக் கடையில் கடன் நிற்க, எனக்குத் தேவையில்லாத பொருட்களை அங்கே வாங்கித்தான் அந்தப் பணத்தைத் தீர்த்தேன். நூறு ரூபாய் சலுகைக்காக ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தைப் பூட்டிவிட்டேன். அதன்பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

நம்மூர்த் தொல்லை என்று நினைத்திருந்தேன். இல்லை. 2014 அக்டோபரில், போனைக் காட்டிப் பணம் கட்டும் ஆப்பிள் பே அமெரிக்காவில் அறிமுகமானது. சில நாட்களிலேயே சிவிஎஸ், ரைட் எய்ட் என்ற இரண்டு பெரிய மருந்துக்கடை நிறுவனங்கள் தங்கள் கவுண்டர்களில் அது வேலை செய்யாதபடி மெஷினில் அந்த வசதியையே அணைத்து வைத்தன. காரணம், வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகளோடு சேர்ந்து அவை ‘கரன்ட்சி’ என்ற சொந்த ஆப்பைத் தயார் செய்துகொண்டிருந்தன. கார்டு கம்பெனிகளுக்குக் கட்டும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது அவர்கள் நோக்கம். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். கையில் பணமும் இருக்கிறது, கடையில் மெஷினும் இருக்கிறது, வாங்க மாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கரன்ட்சி நாடு முழுக்க வராமலேயே 2016 ஜூனில் மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரன்ட்சி எப்படி வேலை செய்தது? க்யூஆர் கோடு ஸ்கேன், வங்கிக் கணக்கில் இருந்து நேரடியாகப் பணம். இன்று நம் கீரைக்காரம்மா செய்வதும் அதேதான். கரன்ட்சி மூடப்பட்ட அதே 2016ஆம் வருடம் ஏப்ரல் 11 அன்று, ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் மும்பையில் யூபிஐ என்ற பணம் செலுத்தும் முறையைத் தொடங்கிவைத்தார். ஆகஸ்டில் வங்கிகளின் ஆப்கள் வந்தன. நுட்பம் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே கடைகள் தங்கள் எல்லைக்குள் வேலி போட்டு வைத்தன. இங்கே தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ எல்லா வங்கிக்கும் ஒரே பாதை போட்டது. அந்தப் பொதுப் பாதையில் ஜிபே, போன்பே, பீம் என்று யார் வண்டி வேண்டுமானாலும் ஓடலாம். ஒன்று படுத்ததற்கும் மற்றொன்று பரவியதற்கும் முக்கியமான காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்டிக்கர் சண்டைக்கும் ரிசர்வ் வங்கி முற்றுப்புள்ளி வைத்தது. தன் ஆப்பில் மட்டும் வேலை செய்யும் க்யூஆர் கோடுகளை இனி புதிதாகக் கொண்டுவரக் கூடாது, இருப்பவற்றையும் எல்லோருக்கும் பொதுவானதாக மாற்ற வேண்டும் என்று 2020 அக்டோபரில் உத்தரவிட்டு, 2022 மார்ச் 31 வரை கெடு கொடுத்தது.

பட்ட பாட்டில் நான் கற்றுக்கொண்டதை என்னைப் போன்ற பெண்களுக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. ஸ்டிக்கரில் உள்ள பெயரைப் பார்த்துத் திரும்பாதீர்கள்

மாம்பழ சீசனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடை வைத்திருக்கும் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன், “பாட்டி, என்கிட்ட ஜிபேதான் இருக்கு. உங்க அட்டையில போன்பேன்னு போட்டிருக்கே?”

“எதுல வேணாலும் அடி தாயி. பேத்தி சொல்லிருக்கா, எல்லாம் என் பேங்குலதான் விழும்னு.”

அவர் சொன்னது முழு உண்மை. யூபிஐ க்யூஆர் என்றால் எந்தக் கம்பெனியின் அட்டையையும் எந்த யூபிஐ ஆப்பாலும் ஸ்கேன் செய்யலாம். “எங்ககிட்ட அந்த ஆப் இல்லை” என்று கடைக்காரர் சொன்னால், பொறுமையாக ஒருமுறை ஸ்கேன் செய்து காட்டுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

2. பணம் கணக்கில் இருக்கிறதா, கடையின் கல்லாவில் இருக்கிறதா?

யூபிஐயில் செலவு செய்யும் நிமிடம் வரை பணம் நம் வங்கிக் கணக்கில் இருக்கும். வாலட்டில் போட்டால், செலவு செய்யும் முன்னாலேயே அது நம் கணக்கை விட்டுப் போய்விடும். வாலட்டிலும் இரண்டு வகை. பல கடைகளில் செல்லும் வாலட் நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். ஒரே கடையில் மட்டும் செல்லும் பேலன்சுக்கு அந்த அனுமதி தேவையில்லை, அதை ரொக்கமாக எடுக்கவும் முடியாது. என் குக்கர் பணம் மாட்டியது இந்த இரண்டாவது வகையில். ஒரே கடைக்கான பேலன்சில் நான் இப்போது ஒரு ரூபாய்கூட முன்கூட்டிப் போடுவதில்லை.

3. கட்டும் முன் ஒரு கேள்வி

“பொருளைத் திருப்பிக் கொடுத்தா பணம் எங்கே வரும், பேங்குக்கா, ஆப்புக்கா?” வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் இதைக் கேட்டுவிடுங்கள். ‘ஆப்புக்கு’ என்றால் சலுகையை விட்டுவிட்டு யூபிஐயிலோ ரொக்கமாகவோ கட்டுங்கள். சலுகை தரும் கடை நம் நன்மைக்காக மட்டும் தருவதில்லை. வங்கிக் கணக்கில் இருந்து போகும் யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியில் இருந்து கடைக்காரரிடம் கட்டணம் எடுப்பதில்லை. அப்படியிருந்தும் சொந்த ஆப்பை வற்புறுத்துகிறார்கள் என்றால், நாம் மறுபடி அங்கேயே வர வேண்டும், என்ன வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

4. பணம் போயிற்று, கடைக்கு வரவில்லை என்றால்

மருந்துக் கடையில் எனக்கு 640 ரூபாய் இப்படி நின்றது. என் போனில் பிடித்தாகிவிட்டது, பணம் வந்ததைச் சொல்லும் கடையின் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. “வரலையேம்மா” என்றார் அண்ணாச்சி. அவரிடம் பொய் இல்லை, என்னிடமும் இல்லை. மாமியாருக்கு சுகர் மாத்திரை, விட்டுவிட்டு வர முடியாது. ரொக்கம் கொடுத்து வாங்கினேன். மறுநாள் பணம் திரும்பியது.

இதற்கு விதி இருக்கிறது. கணக்கில் பணம் பிடித்து கடைக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் என்றால் கெடு ஒரே நாள்.

ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யூடிஆர் என்ற 12 இலக்க எண் தெரியும். அதைக் குறித்து வையுங்கள். வங்கியில் போய் நிற்கும்போது அந்த எண் இருந்தால் பேச்சு சட்டென்று முடியும். புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

5. எல்லா முட்டையும் ஒரே கூடையில் வேண்டாம்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சித்திரை ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. பகலில் நாடு முழுக்க யூபிஐ தடுமாறியது. காய்கறிக் கடையில் கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் போன் கவருக்குள் மடித்து வைத்திருந்த 500 ரூபாயைக் கொடுத்துச் சாமானை வாங்கினேன். அந்த நோட்டைச் செலவு செய்தால் அன்று இரவே மறுபடி வைத்துவிடுவேன்.

அதோடு இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு யூபிஐ ஆப். ஒரு வங்கியின் சர்வர் படுத்தால் மற்றது இருக்கும். அதற்கு மேல் ஆப் வேண்டாம், எதில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போகும்.

டீ, காய்கறி போன்ற சில்லறைச் செலவுக்கு யூபிஐ லைட் வைத்திருக்கிறேன். 5,000 ரூபாய் வரை போடலாம், ஒருமுறைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கட்டலாம். பணம் தேவைப்பட்டால் நம் கணக்குக்கே திரும்ப எடுக்கலாம். பின் கேட்காது என்பதால் நான் அதில் 500க்கு மேல் வைப்பதில்லை, போனுக்குப் பூட்டும் போட்டிருக்கிறேன்.

6. பெயரைப் படியுங்கள், பின் நம்பரைக் காப்பாற்றுங்கள்

ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைச் சத்தமாகப் படித்து, “இது நீங்கதானே?” என்று கேட்பது என் பழக்கம். ஒருவர் அட்டை மேல் இன்னொருவர் அட்டையை ஒட்டி ஏமாற்றுவது நடக்கிறது. பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு ஒருபோதும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

7. பட்டன் போன் வைத்திருப்பவர்களை விட்டுவிடாதீர்கள்

என்னோடு தைக்கும் பெண்கள் சிலரிடம் இன்றும் பட்டன் போன்தான். அவர்களுக்காக 2022 மார்ச்சில் யூபிஐ 123பே வந்தது. இன்டர்நெட் இல்லாமல், ஒரு எண்ணுக்கு அழைத்தே பணம் அனுப்பலாம். முதல் தடவை அமைக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக நாம் இருக்கலாம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்

சலுகை கொடுங்கள், ஆப் வையுங்கள். அது உங்கள் வியாபாரம். ஆனால் திருப்பித் தரும் பணத்தை, அது எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே தாருங்கள். எந்தக் கவுண்டரில் எது செல்லும் என்று வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். பில் போட்டு, பையில் அடுக்கி, பிள்ளை இடுப்பில் அழுதுகொண்டிருக்கும்போது “இது இங்கே எடுக்காது” என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் படும் கூச்சம் எனக்குத் தெரியும்.

கடைசியாக, போன சனிக்கிழமை நடந்தது. கூலி கணக்கில் விழுந்த சத்தம் போனில் கேட்டது. மாலையில் கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய்க் கடையில் நின்றேன். அட்டையில் என்ன கம்பெனி என்று பார்க்கவில்லை. ஸ்கேன் செய்தேன், பெயரைப் படித்தேன், முப்பத்தைந்து ரூபாய். கடைக்காரரின் பெட்டி தமிழில் தொகையைச் சொன்னது. தேங்காயைக் கையில் வாங்கும்போது அந்த மார்கழி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மிஷினில் புது நூல்கண்டு மாட்டினேன். வேறு கம்பெனி நூல். நன்றாகவே ஓடியது.